பதினோரு பந்து

லோரன் ப்ரூயிட் ஐந்து பத்துக்கு எழுந்தான். மோட்டல் அறையின் காபி இயந்திரத்தில் இரண்டு கோப்பைக்குத் தண்ணீர் ஊற்றினான். ஒன்றைக் குடித்தான். இன்னொன்றைக் கழுவுதொட்டியில் கொட்டினான். முகம் மழித்தான். நேற்றைய சட்டையை முகர்ந்து பார்த்துவிட்டுப் போட்டுக்கொண்டான். வேலைப் பையைத் தூக்கிக் காரில் வைத்தான். அதைத் திறந்து பார்க்கவில்லை. பை அடுக்குவது அவன் மனைவி டெல்லாவின் வேலை. எட்டு வருடமாக அவள்தான் அடுக்கினாள். அதனால் திறந்து பார்க்கும் பழக்கம் அவனுக்கு வரவே இல்லை.

டெல்லா இறந்து பத்து வாரம் ஆகியிருந்தது.

அன்றைக்கு அவனுக்கு இருந்த சிக்கல் சின்னது. மாலை நாலு மணிக்குள் ஒரு பெயர் சொல்ல வேண்டும்.

அவன் ஒரு பெரிய பேஸ்பால் அணியின் ஸ்கவுட். கான்சஸ், நெப்ராஸ்கா இரண்டும் அவன் பகுதி. பள்ளிக்கூட மைதானங்களுக்குக் காரில் போய், எந்தப் பையன் தேறுவான் என்று பார்த்து எழுதி அனுப்ப வேண்டும். ஜூலையில் நடக்கும் டிராஃப்டில் அணிகள் முறை வைத்துப் பையன்களைப் பெயர் சொல்லி எடுத்துக்கொள்ளும்.

அவன் அணியில் ஒரு வழக்கம் உண்டு. தலைமை அலுவலகத்தில் ஒரு சுவர் முழுக்க இரும்புப் பலகை. அதில் நூற்றுக்கணக்கான பையன்களின் பெயர்கள் வரிசையாக ஒட்டியிருக்கும். ஒவ்வொரு ஸ்கவுட்டுக்கும் வருடத்துக்கு ஒரே ஒரு காந்த நட்சத்திரம். எண்கள் என்ன சொன்னாலும் சரி, எனக்கு இவன் வேண்டும் என்று மனதுக்குப் பட்ட ஒருவன் பெயருக்குப் பக்கத்தில் அதை வைக்கச் சொல்லலாம். நட்சத்திரம் உள்ள பெயரை யாரும் சும்மா தாண்டிப் போக முடியாது.

லோரனின் நட்சத்திரம் மட்டும் இன்னும் மேசை இழுப்பறையில் கிடந்தது. பிப்ரவரிக்குப் பிறகு அவன் இரண்டு அறிக்கைதான் அனுப்பியிருந்தான். அதில் ஒன்றில் 'உயரமான பையன்' என்று மட்டும் இருந்தது. ஸ்கவுட்டுகளுக்கெல்லாம் தலைவரான ஃபீனி பொறுமைசாலி. போன வாரம் பொறுமையாகவே கேட்டிருந்தார்.

"நட்சத்திரம் வைக்காத ஸ்கவுட்டை அடுத்த வருஷம் நான் என்னன்னு சொல்லி வச்சுக்கிறது, தம்பி?"

அந்தச் சனிக்கிழமை அவன் பார்க்கவிருந்த ஆட்டம் சலைனாவில். அங்கே போனதும் மழை. ஆட்டம் ரத்து. காரிலேயே உட்கார்ந்து, பெட்ரோல் பங்கில் வாங்கிய டோனட்டைத் தின்றான். எதிரே கண்ணாடிக்குக் கீழே ஒரு அட்டை செருகியிருந்தது. ஹார்ட்வெல் என்ற ஊர்ப் பள்ளியின் இந்த வருட ஆட்டங்களின் தேதி அட்டை. ஓரத்தில் டிராக்டர் கடைக்கும் பல் டாக்டருக்கும் விளம்பரம். டெல்லாவின் சாமான்கள் என்று ஆஸ்பத்திரியில் கொடுத்த பிளாஸ்டிக் உறையில் மூக்குக் கண்ணாடி, சீப்பு இவற்றோடு இதுவும் இருந்தது. அந்த உறையிலிருந்து எதையும் தூக்கிப் போட அவனுக்குக் கை வரவில்லை. அதனால் அட்டை காரில் பயணம் செய்துகொண்டிருந்தது.

சனிக்கிழமை, ஒரு மணி, சொந்த மைதானம் என்று போட்டிருந்தது. ஹார்ட்வெல் நாற்பது மைல் மேற்கே. அந்தப் பக்கம் வானம் வெளுத்திருந்தது. போனான்.

எழுபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஆறு சுற்றுகள்வரை அவன் எதையும் பார்க்கவில்லை என்றே சொல்லலாம். கடைசிச் சுற்றில் ஒல்லியாக ஒரு பையன் பந்து வீச வந்தான். ஓவன் ஹாடெக் என்று ஒலிபெருக்கி சொன்னது. பதினோரு பந்து வீசினான். மூன்று பேர் மட்டையோடு வந்தார்கள், மூன்று பேரும் பந்தைத் தொடாமலே திரும்பிப் போனார்கள். நாலாவது பந்தில் லோரன் எழுந்து நின்றுகொண்டிருந்தான். எப்போது எழுந்தான் என்று அவனுக்குத் தெரியாது. இந்தப் பத்து வாரத்தில் யோசிக்காமல் அவன் செய்த முதல் காரியம் அதுதான்.

பையிலிருந்து வேகம் அளக்கும் ரேடார் துப்பாக்கியை எடுத்து நீட்டினான். விசையை அழுத்தினான். திரையில் ஒன்றுமில்லை. உலுக்கினான். தட்டினான். பக்கத்தில் இருந்த பெண்மணி, தன் வீட்டு முடி உலர்த்தியும் இப்படித்தான், சுவரில் ஒரு தரம் மோதினால் சரியாகிவிடும் என்றாள். பேட்டரி செத்துப்போயிருந்தது. மாற்றுப் பேட்டரியைத் தேடினான். பையில் இல்லை. அதற்குள் ஆட்டம் முடிந்துவிட்டது.

நாலு மணிக்கு எல்லா ஸ்கவுட்டுகளும் ஒரே போன் இணைப்பில் வந்தார்கள். பதினாலு பேர். ஒவ்வொருவராகத் தன் நட்சத்திரம் யாருக்கு, ஏன் என்று சொன்னார்கள். லோரனின் முறை வந்தது. ஓவன் ஹாடெக், பந்து வீசுபவன் என்றான்.

"எவ்வளவு வேகம்?" என்றார் ஃபீனி.

வேகம் தெரியாமல் ஒரு பந்து வீசுபவனுக்கு நட்சத்திரம் கேட்பது, பெண்ணைப் பார்க்காமலே அவள் பெயரைக் கையில் பச்சை குத்திக்கொள்வது மாதிரி. பேட்டரி தீர்ந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். வேலையில் சேர்ந்த முதல் வாரத்தில்கூட ஒரு ஸ்கவுட் சொல்லக் கூசும் காரணம் அது. லோரன் வாயைத் திறந்தான். வேறு ஏதோ வெளியே வந்தது.

"டெல்லா சொன்னா, சார். கடைசியா. ஹாடெக் பையனைப் போய்ப் பாருன்னு."

யாரோ மூக்கைச் சிந்தினார்கள்.

"நட்சத்திரம் வச்சாச்சு," என்றார் ஃபீனி. "வியாழக்கிழமை நானே வர்றேன், தம்பி."

போனை வைத்துவிட்டு லோரன் காரிலேயே உட்கார்ந்திருந்தான். டெல்லா கடைசியாக என்ன சொன்னாள் என்று அவனுக்குத் தெரியாது. அந்த நேரத்தில் அவன் ஆஸ்பத்திரியின் கார் நிறுத்துமிடத்தில் நின்று, ஓமஹாவில் ஒரு பையனின் அப்பாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தான். ஒன்பது நிமிடம். மேலே வந்தபோது கதவருகே ஒரு நர்ஸ் நின்றிருந்தாள். அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவளுடைய நீலக் காலணியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். மூன்று வாரம் அந்த மாடியில் இருந்தவன் ஒரு நர்ஸின் முகத்தைக்கூட நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. இருநூறு அடி தூரத்தில் நிற்கிற பையனின் தோள்பட்டை வலியைக் கண்டுபிடித்துவிடுவான்.

ஞாயிற்றுக்கிழமை முதல் வேலையாக இருபத்துநாலு பேட்டரி வாங்கினான். பிறகு உண்மையைச் சொல்லிவிட ஃபீனியைக் கூப்பிட்டான்.

ஃபீனி அவனைப் பேச விடவில்லை. அணியின் மேலாளரிடம் விஷயத்தைச் சொன்னாராம்; அவர் ஓட்டிக்கொண்டிருந்த காரை ஓரம் கட்டிவிட்டாராம். தன் மனைவியிடம் சொன்னாராம். அவள் சர்ச்சில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தாளாம். லோரன், தான் சொன்னது முழுக்கச் சரியில்லை என்று மெல்ல ஆரம்பித்தான். துக்கத்தில் இருப்பவர்களுக்கு அப்படித்தான் தோன்றும், முதலில் சூடாக ஏதாவது சாப்பிடு என்று சொல்லி அவர் வைத்துவிட்டார்.

திங்கட்கிழமை க்ளைட் மோசர் கூப்பிட்டார். எதிரணி ஸ்கவுட். இருபத்தாறு வருடமாக இதே சாலைகளில் கார் ஓட்டுகிறவர். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் கட்டின மனைவியிடம் சொல்லாததையும் இன்னொரு ஸ்கவுட்டிடம் சொல்லிவிடுவார்கள். செய்தி பதினாலு பேரிடமிருந்து கிளம்பி, மிசிசிப்பி ஆறுவரை போயிருந்தது. க்ளைட், அது டெல்லாவின் பையன், அவனைப் பார்க்கத் தான் வரவே போவதில்லை என்று சத்தியம் செய்தார். பிறகு, வலது கையா இடது கையா என்று கேட்டார்.

லோரனுக்கு ஒரு யோசனை தோன்றியது. பையனைப் பற்றித் தாழ்த்திச் சொன்னால் கூட்டம் கலைந்துவிடும்.

"பையன் சுமார்தான், க்ளைட். வீணா நீங்க அலைய வேணாம்."

சொல்லி முடித்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது. ஒரு ஸ்கவுட் இன்னொரு ஸ்கவுட்டிடம் 'பையன் சுமார்' என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான் உண்டு. சாயங்காலத்துக்குள் ஹார்ட்வெல்லின் ஒரே மோட்டல் நிரம்பிவிட்டது. க்ளைட்டும் அதில் ஓர் அறை எடுத்திருந்தார்.

செவ்வாய்க்கிழமை லோரன் பள்ளிக்குப் போய்ப் பயிற்சியாளரைப் பார்த்தான். மனிதர் பூகோளமும் சொல்லிக்கொடுப்பார், பள்ளிப் பேருந்தும் ஓட்டுவார். பையனிடம் மட்டும் அந்த விஷயத்தைச் சொல்லிவிட வேண்டாம் என்று லோரன் கேட்டுக்கொண்டான். எந்த விஷயத்தை என்றார் அவர். எதைச் சொல்லக்கூடாது என்று லோரன் விளக்க வேண்டியதாயிற்று. பயிற்சியாளருக்குக் கண் நிறைந்துவிட்டது. உயிர் போனாலும் சொல்லமாட்டேன் என்றார். தன் மனைவியிடம் மட்டும்தான் சொன்னார். அவள் பள்ளி அலுவலகத்தில் வேலை பார்க்கிறவள்.

புதன்கிழமை காலையில், வழக்கமாக மதியச் சாப்பாடு என்னவென்று போடும் பள்ளி அறிவிப்புப் பலகையில், சாலையில் போகிறவர்கள் எல்லாரும் படிக்கும்படி 'டெல்லாவுக்காக வீசு, ஓவன்' என்று பெரிய எழுத்தில் இருந்தது.

வியாழக்கிழமை ஃபீனி வந்தார். மற்ற அணிகளின் பத்தொன்பது ஸ்கவுட்டுகளும் வந்தார்கள். எல்லாரும் வலைக்குப் பின்னால் மடக்கு நாற்காலி போட்டு, சூரியகாந்தி விதையை மென்று துப்பிக்கொண்டு, வேறு எதற்காகவோ வந்தவர்கள் மாதிரி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஓவன் ஹாடெக் பந்து வீசும் மேட்டில் ஏறினான். தொப்பியின் ஓரத்தில் பேனாவால் டெல்லா என்று எழுதியிருந்தான். பந்து வீசக் காலைத் தூக்கினான். பத்தொன்பது துப்பாக்கிகள் ஒரே நேரத்தில் உயர்ந்தன. லோரனுடையது இருபதாவது.

முதல் பந்து வலையைத் தாண்டிப் போய்ப் பாப்கார்ன் வண்டிக்குள் விழுந்தது. தொண்ணூற்று நாலு மைல் வேகம் என்று இருபது திரைகளும் காட்டின.

அதற்குப் பிறகு இரண்டு மட்டையாளர்களின் முதுகில் பந்து பட்டது. பந்து குறிக்குள் வராததால் நாலு பேர் சும்மா நின்றுவிட்டு நடந்தே முதல் முனைக்குப் போனார்கள். அடுத்து வந்தவன் மட்டையை எடுப்பதற்கு முன் சிலுவைக் குறி போட்டுக்கொண்டான். பயிற்சியாளர் மேட்டுக்குப் போய்ப் பையன் தோளில் கை போட்டு வெளியே கூட்டி வந்தார். ஓவன் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு பெஞ்சின் மூலையில் உட்கார்ந்துவிட்டான். தோள் குலுங்குவது தெரிந்தது.

மடக்கு நாற்காலிகள் ஒவ்வொன்றாக மடங்கின. க்ளைட் வந்து லோரனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மன்னிச்சுக்கோப்பா. நீ நிஜத்தைத்தான் சொல்லியிருக்கே. நான்தான் நம்பல. சுமார்தான்."

ஃபீனி மட்டும் எழுந்திருக்கவில்லை. பாப்கார்ன் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். கை நல்ல கை, மனசுதான் எங்கேயோ மாட்டிக்கொண்டிருக்கிறது, வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிடலாம் என்றார். பையனின் அம்மா ரோண்டா ஹாடெக் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தாள். ஆறு மணிக்குச் சாப்பாடு என்று மட்டும் சொன்னாள். சொல்லும்போது லோரனைக் கொஞ்சம் அதிகமாகவே பார்த்தாள். மகனின் ஆட்டம் கெட்டுப்போன கோபம் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

அம்மாவும் மகனும் மட்டும் இருக்கும் சின்ன வீடு. வாசல் விரிப்பில் காலணிகள் வரிசையாக இருந்தன. லோரன் தன்னுடையதைக் கழற்றி, ஒரு ஜோடி நீலக் காலணிக்குப் பக்கத்தில் வைத்தான். அதை வைத்துவிட்டு அவன் ஏன் அங்கேயே சற்று நின்றான் என்று அவனுக்கே புரியவில்லை. ஃபீனி முதுகில் தட்டி உள்ளே அனுப்பினார்.

மாட்டிறைச்சியும் முட்டைக்கோஸும் அடைத்துச் சுட்ட பியராக் ரொட்டி. ஃபீனி இரண்டாவதை எடுத்துக்கொண்டு, ஜூலையில் என்ன நடக்கும் என்று அம்மாவுக்கு விளக்கினார். ஓவன் தட்டைத் தொடவில்லை. திடீரென்று எழுந்து நின்றான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

"சார், ஒண்ணு சொல்லணும். உங்க வீட்டம்மா சாகும்போது என்னைச் சொல்லிட்டுப் போனாங்க. நான் அதைக் கெடுத்துட்டேன். ஒவ்வொரு பந்துக்கும் அவங்க மூஞ்சி எப்படி இருக்கும்னுதான் யோசிச்சேன். நான் அவங்களைப் பாத்ததுகூட இல்ல." மூச்சு வாங்கினான். "ஜூன்ல தானியக் கிடங்குல வேலைக்குச் சேந்துக்கிறேன். இனிமே நான் பந்தைத் தொடல, சார்."

லோரன் முள்கரண்டியைக் கீழே வைத்தான். இந்த ஐந்து நாளும் அவன் பயந்தது தன் வேலைக்குத்தான். இப்போது அந்த வேலை எப்படி இருக்கும் என்றுகூட நினைவு வரவில்லை. பையனின் கைதான் கண்ணில் பட்டது. நீளமான விரல்கள். தொப்பியைப் போட்டுக் கசக்கிக்கொண்டிருந்தன.

"உக்காரு, தம்பி. அவ அப்படிச் சொல்லவே இல்ல."

ஃபீனியின் வாய் அசைவது நின்றது.

"பொய். நான் சொன்ன பொய். சனிக்கிழமை நீ வீசின பதினோரு பந்தைப் பாத்தேன். அந்த மாதிரி நான் பாத்து ரொம்ப நாளாச்சு. துப்பாக்கியில பேட்டரி இல்ல. வேகம் என்னன்னு கேட்டாங்க. சொல்றதுக்கு ஒண்ணுமில்ல. அதனால அவளை இழுத்துட்டேன். உனக்கும் அவளுக்கும் சம்பந்தமே இல்ல. நீ யார் கடைசி ஆசையையும் கெடுக்கல."

ஃபீனி கைத்துணியால் வாயைத் துடைத்தார். மடித்து வைத்தார். மறுபடி பிரித்தார்.

"என் சம்சாரம் மெழுகுவத்தி ஏத்துனாப்பா," என்றார்.

"தெரியும், சார்."

"அப்ப அந்தப் பொண்ணு நிஜமா என்னதான் சொல்லிச்சு?"

"தெரியாது, சார். நான் அங்க இல்ல. கீழ போன்ல இருந்தேன்."

ரோண்டா அடுப்புப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். கையில் இருந்த துணியை மேடையில் போட்டாள்.

"பேட்டரி இல்லயா?" என்றாள்.

லோரன் நிமிர்ந்து பார்த்தான். இத்தனை விஷயத்தில் அவளுக்கு அதுதான் பெரிதாகப் பட்டது என்பது அவனுக்கு விசித்திரமாக இருந்தது.

அவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "அப்ப எங்க ஊர்ல ஆட்டம் இருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

டெல்லாவின் சாமான்களோடு ஓர் ஆட்ட அட்டை இருந்தது என்றான்.

"நான்தான் குடுத்தேன். மூணாவது மாடி, பகல் டியூட்டி. மூணு வாரம் உங்க முன்னாடிதான் வந்து போயிட்டிருந்தேன். முகமூடி போட்டிருந்தேன், நீங்களும் போன்லேந்து தலையைத் தூக்கல, தப்பில்ல."

லோரன் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தான். நீலக் காலணி அங்கேயே இருந்தது. பிறகு அவள் முகத்தைப் பார்த்தான். நாற்பத்தைந்து வயது இருக்கும். இடது கன்னத்தில் சின்ன மச்சம்.

தன் மகன் பந்து வீசுவான், உங்கள் கணவரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று ரோண்டா டெல்லாவிடம் கேட்டிருக்கிறாள். டெல்லா அட்டையை வாங்கிக்கொண்டாள். இப்போது வேண்டாம் என்றாள். இப்போது சொன்னால் லோரன் உடனே காரை எடுத்துவிடுவான், இன்னும் கொஞ்ச நாள் இங்கேயே உட்கார்ந்திருக்கட்டும், பிறகு எங்காவது போவதற்கு அவனுக்கு ஓர் இடம் வேண்டியிருக்கும் என்று சொல்லி, அட்டையைக் கண்ணாடிக் கூட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

"புதன்கிழமை பலகையில எழுதினப்பவே நான் வந்து சொல்லியிருக்கணும், அவங்க கடைசி வார்த்தை அது இல்லன்னு," என்றாள் ரோண்டா. "ஓவனுக்கு நல்லது நடக்குதேன்னு வாயை மூடிக்கிட்டேன். நானும் பொய் சொன்ன மாதிரிதான்."

ஃபீனி மூக்கை உறிஞ்சினார். நட்சத்திரம் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும் என்றார். தொண்ணூற்று நாலு மைலைத் தன் கண்ணாலேயே பார்த்ததாகவும், அதில் மெழுகுவர்த்திக்குப் பங்கு இல்லை என்றும் சொன்னார். ஓவன் மெதுவாகத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

லோரன் எதையும் கேட்டதாகத் தெரியவில்லை.

"நீங்க அப்ப கதவுகிட்ட நின்னீங்க," என்றான்.

"நின்னேன்."

"உள்ளேயும் இருந்தீங்க."

"கையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன்."

"என்னைப் பத்தி ஏதாவது சொன்னாளா?"

ரோண்டா ஃபீனியைப் பார்த்தாள். மகனைப் பார்த்தாள். "அன்னைக்கே சொல்லியிருப்பேன். அந்த நிலைமையில வந்து நிக்கிற மனுஷன்கிட்ட இதையா சொல்றதுன்னு விட்டுட்டேன்."

"பரவாயில்ல. அவ என்ன சொன்னாளோ அதை அப்படியே சொல்லுங்க."

"'துப்பாக்கியில பழைய பேட்டரிதான் இருக்கு, மாத்தச் சொல்லுங்க, அவன் பையைத் திறந்தே பாக்கமாட்டான்'னாங்க."